வாரிக் செயின்ட் மேரி தேவாலயம்: பீச்சம் குலத்தின் கொடிவழி தேடுவோருக்கு

இங்கிலாந்தின் இடைக்காலப் பிரபுக் குடும்பம் ஒன்றின் சம்பந்தங்களைக் கல்லறையிலேயே படிக்க விரும்பினால், வாரிக் நகரின் செயின்ட் மேரி தேவாலயத்துக்குத்தான் முதலில் போகவேண்டும்.

பீச்சம் சிற்றாலயத்தின் நடுவில், 1439-இல் பிரான்சின் ரூவானில் இறந்த வாரிக் ஏர்ல் (உயர் பிரபுப் பட்டம்) ரிச்சர்டு பீச்சமின் கல்லறை இருக்கிறது. பொன்முலாம் பூசிய சிலையின் கைகள் குவியாமல் சற்றே விலகி நிற்கின்றன. புறங்கை நரம்புகூடத் தெரிகிறது. பிரமிப்பு அடங்கியதும் குனிந்து பாருங்கள். பர்பெக் பளிங்குப் பெட்டியைச் சுற்றித் துக்கம் காக்கும் 14 சிறு உருவங்கள்: ஆண் ஏழு, பெண் ஏழு. மகன், மகள்கள், மருமகன்கள், சம்பந்தி வீட்டார். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கீழே உள்ள, குலச்சின்னம் பொறித்த எனாமல் கேடயங்கள்தான் சாட்சி. சிவப்புப் புலம், நடுவில் பொன் பட்டை, சுற்றி ஆறு பொன் சிலுவை என்றால் பீச்சம். கேடயம் நெடுக்காக இரண்டாகப் பிரிந்திருந்தால் நம் இடப்பக்கம் கணவன் குலம், வலப்பக்கம் மனைவி குலம். சின்னக் கைவிளக்கு அவசியம்.

பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டாம் மனைவி இசபெல் டெஸ்பென்சர். அவரது முதல் கணவர் பெயரும் ரிச்சர்டு பீச்சம்தான்; அவர் வுஸ்டர் ஏர்ல். பட்டத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் குறித்தால் இரண்டு குடும்பம் ஒன்றாகிவிடும்.

சொத்து யாருக்குப் போனது என்பதைக் கல்லறை சொல்லாது. அதில் எல்லா மகள்களும் சமம். இசபெலின் மகன் ஹென்றி 1446-இலும், அவருடைய குழந்தை 1449-இலும் இறந்ததும், மூத்த தாரத்து மகள்கள் மூவரும் உரிமை கோரியும் ஏர்ல் பட்டம் ஹென்றியின் உடன்பிறந்த ஆன் வழியே அவர் கணவர் ரிச்சர்டு நெவிலுக்குப் போனது. தந்தை ஒருவர், தாய் வேறு என்ற அரை ரத்த உறவுக்கு வாரிசுரிமை இல்லை என்பதே வாதம். சொத்து போன வழியை அறிய, அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும் நடத்தப்பட்ட விசாரணைப் பதிவுகள் வேண்டும்: நிலம், வாரிசு, வாரிசின் வயது எல்லாம் அதில் இருக்கும். வயது பெரும்பாலும் 'இத்தனைக்கு மேல்' என்றே இருக்கும். பிறந்த ஆண்டாக எடுக்காதீர்கள்.

குறையும் உண்டு. 1694 தீயில் நடுக்கூடம் அழிந்தது. சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடியில் பல துண்டுகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டவை. அதை மட்டும் நம்பிக் கொடிவழி வரையக்கூடாது.

அதே சிற்றாலயத்தில் 1588-இல் இறந்த லெஸ்டர் ஏர்ல் ராபர்ட் டட்லி ஏன் இருக்கிறார் என்று கேட்பவர்கள் மூத்த மகள் மார்கரெட்டின் கேடயத்துக்குத் திரும்பலாம்: டால்பட், லைல், கிரே குடும்பங்கள் வழியாக டட்லிகள் அவர் வம்சம்.