கறந்த பாலா, பாக்கெட் பாலா?

"பச்சைப் பால்தான் உயிருள்ள பால், சூடாக்கினால் அதன் சத்தெல்லாம் போய்விடும்" என்ற பேச்சு அமெரிக்காவில் பலத்த ஆதரவோடு உலவுகிறது. நம் ஊரிலும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சாத பாலைக் கொடுக்கத் துணிகிறார்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருந்து உடனே குளிர்விப்பதுதான் பாஸ்சரைசேஷன். பால் கொதிப்பதே இல்லை. அடுப்பில் பொங்கவிடும் நாம் அதைவிட அதிகச் சூடு கொடுக்கிறோம். ஆகவே, பால்காரரிடம் வாங்கி நன்றாகக் காய்ச்சிய பாலும் பாக்கெட் பாலும் நோய்க்கிருமி விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கு காய்ச்சாத பாலின் மீது மட்டும்.

அதன் தரப்பில் ஒரு வாதத்துக்கு வலு உண்டு. ஐரோப்பாவில் பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருந்ததை ஆய்வுகள் கண்டன. சூடாக்கிய பாலில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் கிருமிகளுக்குப் பயந்து, பச்சைப் பாலைக் குடியுங்கள் என்று அந்த ஆய்வாளர்கள் பரிந்துரைக்கவில்லை. சத்துக் கணக்கு அவ்வளவு பெரிதில்லை. கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். பி வைட்டமின்கள் சிறிது குறையும். வைட்டமின் சி-யும் குறையும், ஆனால் பாலில் அது முதலிலேயே சொற்பம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். மாட்டின் கருவைக் கலைக்கும் கன்று வீச்சு நோயைத் தரும் புருசெல்லா கிருமி பால் வழியே மனிதனுக்கும் வரும். காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும். மூட்டு வலியும் இரவு வியர்வையும் மாதக்கணக்கில் நீளும். மால்டா தீவில் பிரிட்டிஷ் படையினரை வாட்டியது இதுதான். ஆட்டுப் பாலே காரணம் என்ற தடயம் 1905-இல் கிடைத்தது. மறு ஆண்டு படைமுகாம்களில் அந்தப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. மாட்டுக் காசநோய், சால்மோனெல்லா, லிஸ்டீரியா எல்லாம் இதே வழியில் வரக்கூடியவை. கர்ப்பிணிக்கு லிஸ்டீரியா தொற்றினால் கருவே கலையலாம். 2024-இல் அமெரிக்கப் பசுக்களுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியபோது, பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பாஸ்சரைஸ் செய்த பாலில் உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. மடி சுத்தமாக இருக்கிறது, மாடு ஆரோக்கியமாகத் தெரிகிறது என்பதெல்லாம் போதாது. புருசெல்லா உள்ள மாடு வெளியே நோயே காட்டாமல் கறக்கும்.

அதற்காகப் பாக்கெட் பாலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. சூடு கிருமியைக் கொல்லும், நஞ்சை அழிக்காது. பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு கலந்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளைச் சோதித்ததில் 5.7 சதவீதத்தில் அது வரம்பை மீறியிருந்தது. அதிகம் சிக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் குறை கூடுதலாகத் தென்பட்டது. வீட்டில் எவ்வளவு காய்ச்சினாலும் தீராத குறை இது. தீவனக் கிடங்கிலேயே சரிசெய்ய வேண்டும்.

சுவை என்றால் என் ஓட்டு கறந்த பாலுக்கே. காய்ச்சி ஆறிய பின் படியும் கெட்டி ஏடும், அதில் உறை ஊற்றிய தயிரும் தனி ரகம். பாக்கெட் பாலில் கொழுப்பை ஓர் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தரப்படுத்திய பால் என்றால் 4.5 சதவீதம். நாளுக்கு நாள் மாறாத பால் வேண்டுவோருக்கு அது வசதி.

பால்காரரிடம் வாங்குவதாக இருந்தால் காய்ச்சியே குடியுங்கள். கறந்த சூட்டோடு சொம்பில் குடிக்கும் பழக்கத்தையும், அபிஷேகப் பச்சைப் பாலைக் கைக்குழந்தையின் வாயில் விடுவதையும் நிறுத்திவிடுங்கள். கூடவே அவரிடம் ஒன்று கேளுங்கள்: நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போட்டாயிற்றா? மத்திய அரசின் திட்டத்தில் 2019 முதல் அது இலவசம். கறக்கும் அவர் கைக்கும், கன்று ஈனும்போது துணைநிற்கும் அவர் வீட்டாருக்கும் அந்த ஊசிதான் முதல் காப்பு.