6,800 ரூபாய் போச்சு: பழைய கார் ஸ்டீரியோவை அவசரப்பட்டுக் கழட்ட விடாதீங்க

இன்னைக்குக் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகல. கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். போன் பாட்டைப் பழைய கார்ல கேக்கணும்னு சென்னையில கடை தேடுறவங்க படிங்க. என்னென்ன பாக்கணும்னு கடைசியில சொல்றேன்.

2008 மாடல் வண்டி. கம்பெனி ஸ்டீரியோவில ப்ளூடூத் கிடையாது, ஆனா முகப்பிலேயே ஆக்ஸ் ஓட்டை (போன்லேர்ந்து வர்ற 3.5 எம்எம் பாட்டு கேபிள் சொருகுற இடம்) உண்டு. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கார் அக்சஸரீஸ் கடை. பையன் கேபிளோட ஒரு முனையை ஆக்ஸ்ல, இன்னொண்ணைப் போன்ல சொருகினான். சத்தமே இல்ல. "போர்டு போயிடுச்சு சார், இனிமே தேறாது"ன்னான். கண்ணு முன்னாடி காட்டினா யாருதான் நம்ப மாட்டாங்க? போனோட தடி ரப்பர் கவரைக் கழட்டாம சொருகியிருக்கான். 3.5 எம்எம் பின் அரை நூல் வெளியே நின்னாலும் பாட்டு வராம போகலாம். அதே போன் கவரோட வீட்டு ஸ்பீக்கர்லயும் ஊமைதான். கவரைக் கழட்டினா பாடுது. இது தெரிஞ்சது அவங்ககிட்டயே புது செட்டு மாட்டி 6,800 ரூபாய் கைமாறின பிறகு. பழைய செட்டையும் 300 ரூபாய் கழிச்சு அவங்களே வச்சுக்கிட்டாங்க.

"ஒயரை வெட்ட மாட்டோம், கப்ளர் போட்டுத்தான் மாட்டுவோம்"னு சொன்னாங்க. கப்ளர்னா கம்பெனி சாக்கெட்டையும் புது செட்டையும் வெட்டாம சேர்க்கிற அடாப்டர். இப்போ செட்டை வெளியே இழுத்துப் பார்த்தா கம்பெனி சாக்கெட்டையே காணோம். ஒயரெல்லாம் வெறுமனே முறுக்கி, மேல கருப்பு டேப். செட்டோட மஞ்சள் ஒயர் மெமரிக்கு, எப்பவும் 12 வோல்ட் வரணும். சிவப்பு, சாவி போட்டா மட்டும் வரணும். ரெண்டையும் ஒண்ணா முறுக்கி நேரா பேட்டரி லைன்ல கொடுத்திருக்காங்க. சாவியை எடுத்தாலும் செட்டு தூங்காது. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி நடுவுல மீட்டர் வச்சா 0.38 ஆம்பியர். ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கினா 0.03. அப்போ மீதியைக் குடிக்கிறது செட்டுதான். ஒரு நாளைக்கு 9 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி கொள்ளளவு கணக்கு) போகுது, பேட்டரியே 35 ஏஎச். மூணு நாள் நின்ன வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்?

போன் பண்ணினா முதல்ல "உங்க பேட்டரி வீக் சார்". அப்புறம் "பழைய வண்டின்னா அப்படித்தான்". மூணாவது தடவை "ஓனர் ஊர்ல இல்ல". பழைய செட்டைத் திருப்பிக் கேட்டா "அது அன்னைக்கே போயிடுச்சு". 6,800 ரூபாய்க்கு ஒழுங்கான பில்லும் கிடையாது, பேப்பர் துண்டுல பேனாவால எழுதினதுதான்.

ஆக்ஸ் நல்லா இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ப்ளூடூத் ரிசீவரே போதும். அதை ஆக்ஸ்ல சொருகி, ஸ்டீரியோவில மோட் பட்டனை ஆக்ஸுக்கு மாத்தினா வேலை முடிஞ்சது. சார்ஜ் ஏத்திக்கிட்டே கேக்கும்போது ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க 'உய்ங்'னு சத்தம் ஏறினா அது கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர் ஒயர், ஆக்ஸ் கேபிள் ரெண்டு வழியாவும் எர்த் சேர்ந்து இன்ஜின் இரைச்சல் பாட்டுல கலக்குறது. ஆக்ஸ் கேபிள் நடுவுல அந்த இணைப்பைப் பிரிக்கிற ஐசொலேட்டர் போட்டா நிக்கும். போன் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அலையா அனுப்புற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மட்டும் வேண்டாம். 93.5, 98.3, 106.4ன்னு இங்க ஸ்டேஷன் நெருக்கம், ரெண்டு தெரு தாண்டினா இரைச்சல்.

விவரமா எழுத இப்போ பொறுமை இல்ல. கவரைக் கழட்டிட்டு ஆக்ஸை நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. கப்ளரைக் கண்ணால பாக்காம ஒயர்ல கை வைக்க விடாதீங்க. பழைய செட்டைக் கொடுக்காதீங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சாவியை எடுத்துப் பாருங்க. செட்டு தானா அணையணும்.