விலா எலும்பு முறிவு வலி: எபிடியூரலா, எரெக்டர் ஸ்பைனே தடுப்பா?

பல விலா எலும்புகள் முறிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுவார், இருமவும் தயங்குவார், சளி தேங்கி நிமோனியா வர அதுவே போதும். மார்ஃபினை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் வலியோடு மூச்சும் மந்தமாகும் என்பதால்தான் நரம்புகளை மரக்கச் செய்யும் எபிடியூரல், எரெக்டர் ஸ்பைனே தடுப்பு ஆகிய இவ்விரு முறைகளும் பரிசீலனைக்கு வருகின்றன.

மார்புப் பகுதி எபிடியூரலில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் கதீட்டர் எனும் மெல்லிய குழாயை வைத்து பூபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்தைத் தொடர்ந்து செலுத்துகிறார்கள். இருபுறமும் முறிவு இருந்தால் இதன் நிவாரணம் மிக உறுதியானது. ஆனால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் பரிவு நரம்புகளும் தடைபடுவதால் ரத்த அழுத்தம் சரியும். ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தால், உள்ளே சேரும் ரத்தக்கட்டு தண்டுவடத்தை அழுத்திக் கால்களை முடக்கிவிடலாம். ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளவரோ கால் மரத்ததைச் சொல்லவும் முடியாது. ரத்தம் உறையாமல் காக்கும் எனோக்ஸபாரினை முன்னெச்சரிக்கைக்கான குறைந்த அளவில் போட்டிருந்தால்கூட, கதீட்டரை வைப்பதற்கும் எடுப்பதற்கும் குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

2016இல் விவரிக்கப்பட்ட எரெக்டர் ஸ்பைனே தடுப்பில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் அப்பெயருள்ள தசைக்கு அடியில் மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள்; ஊசி தண்டுவடத்தை நெருங்குவதில்லை. முள்ளெலும்பின் பக்க நீட்சியை ஊசிமுனை தொட்டதும் மருந்தைச் செலுத்த, எலும்பிலிருந்து தசை மெல்ல எழும்புவது அல்ட்ராசவுண்ட் திரையில் தெரியும். ரத்த அழுத்தம் பெரும்பாலும் நிலையாக இருக்கும். மருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இருபுறமும் கொடுக்கும்போது மொத்த அளவு நச்சு எல்லையை நெருங்காமல் கணக்கிடவும் வேண்டும்.

என் பார்வையில், ரத்த அழுத்தமும் உறைவும் சீராக உள்ளவருக்கு எபிடியூரலே முதல் தேர்வு. தீவிர சிகிச்சைப் பிரிவில் அத்தகையவர் குறைவு என்பதால், நடைமுறையில் எரெக்டர் ஸ்பைனே தடுப்புக்கே வாய்ப்பு அதிகம்.