கப்பல் நின்ற மறுநாள் எங்களிடம் கடைசித் தவணை வாங்கினார்: தர்மபுரியில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுபவர்கள் படியுங்கள்

தர்மபுரியில் கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் மறுபடியும் கண்ணில் படுகின்றன. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாக் கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகு நம் பக்கத்து மக்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை, எங்களுக்கும் இருந்தது. போன வாரம் உறவுக்காரப் பையன் ஒருவன் முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டினான். கடையின் பெயர் புதிது. கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து, 2020-இல் எங்களிடம் பணம் வாங்கி ஏமாற்றிய சுற்றுலா முகவருடையது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததை எழுதுகிறேன். தீர்ப்பான பணத்தை வசூலிக்க நான் போட்ட நிறைவேற்று மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை.

பென்னாகரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மல்பெரித் தோட்டமும் ஒரு புழு வளர்ப்பு மனையும் உண்டு. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் ஊருக்குப் போவது எளிதல்ல. புழுவைக் கொண்டுவந்து தட்டில் விட்ட நாளிலிருந்து கூடு கட்டும் வரை ஒரு வேளை தழை தவறினாலும் பயிர் கெடும். கல்யாணமாகி இருபது ஆண்டுகளில் என் மனைவி தொடர்ந்து மூன்று இரவு வெளியே தங்கியதில்லை. எழுபது வயதான என் அம்மா ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியதைத் தவிர நீரில் போனதே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான், "நாம் நான்கு பேரும் சிங்கப்பூர் போய்க் கப்பலில் மூன்று நாள் சுற்றி வருவோம் அப்பா, பாதிப் பணம் நான் தருகிறேன்" என்றாள்.

2020 ஜனவரி 20 அன்று, பொங்கலுக்கு முன் விற்ற கூட்டின் பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை தர்மபுரியில் அவருடைய மாடிக் கடையில் முன்பணமாக ரொக்கத்தில் கட்டினேன். பயணக் காப்பீடு என்று தனியாக 6,000 ரூபாய் வாங்கினார். பின்னால் கட்டவேண்டிய மீதியையும் சேர்த்து மொத்தம் 2,36,000. பெங்களூரிலிருந்து மார்ச் 21 இரவு விமானம், மறுநாள் சிங்கப்பூரில் கப்பல் என்று எழுதிக் கொடுத்தார். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டே வாரத்தில் டயமண்ட் பிரின்சஸ் செய்தி வந்தது. ஜப்பானின் யோகோஹாமாவில் 3,711 பேருடன் ஒரு கப்பலையே தனிமைப்படுத்தி நிறுத்தினார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. 138 இந்தியர்கள் அதில் இருந்தார்கள், பெரும்பாலும் கப்பல் ஊழியர்கள். பேப்பரைப் படித்த கையோடு அவருக்குப் போன் செய்தேன். "அது ஜப்பான் பக்கம் அண்ணா. நம்முடைய கப்பலில் தினமும் மருந்து அடிக்கிறார்கள். ஆள் குறைந்ததால் உங்களுக்கு பால்கனி அறையே கிடைக்கும்" என்றார். பிப்ரவரி 22 அன்று, அவசியமில்லாமல் சிங்கப்பூர் போகவேண்டாம் என்று மத்திய அரசு அறிவுரை சொன்னது. அதைக் கேட்டதற்கு, "அறிவுரைதானே அண்ணா, தடை இல்லையே" என்றார். அந்தப் பதிலில் பொய் இல்லை, அதனால்தான் நம்பினேன். அந்த நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் போகும் என்று சொல்லிப் பயமுறுத்தியே எங்களைக் கட்டிவைத்திருந்தார்.

மார்ச்சில் எடுக்கவேண்டிய 200 முட்டைத் தொகுதியை (ஒரு தாய்ப் பூச்சி இட்ட முட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி) வேண்டாம் என்று இளம்புழு மையத்தில் சொல்லிவிட்டோம். எடுத்திருந்தால் 130 கிலோவுக்குக் குறையாமல் கூடு வந்திருக்கும். தோட்டத்தைக் கவாத்து செய்து, மனையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்துப் பூட்டினோம். கறவை மாட்டைச் சித்தப்பா வீட்டில் கட்டினோம். நகையை வங்கி லாக்கரில் வைத்தோம். வீடு பூட்டியிருக்கும் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வருகிறவர்களைப் பதினான்கு நாள் தனிமைப்படுத்துவார்கள் என்ற பேச்சு வந்துவிட்டதால், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்கும், மருத்துவரின் சீட்டு இரண்டு நகலும் எடுத்துக்கொண்டோம். முகக்கவசம் ஒன்று 30 ரூபாய்க்கு வாங்கினேன். கப்பலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து பாட்டிலில் அடைத்தார். என் மனைவி புதுப் பெட்டி வாங்கி, பத்து நாள் முன்னதாகவே அடுக்கி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள். மனையைக் கடந்து போகும்போதெல்லாம் அவளுக்குக் கை சும்மா இருப்பது புதிதாக இருந்தது.

மார்ச் 14, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அவரே அழைத்தார். மாலைக்குள் மீதி 1,30,000 கட்டாவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும், முன்பணமும் கிடைக்காது என்றார். சிங்கப்பூர் விசாத் தாள் இன்னும் கைக்கு வரவில்லையே என்றேன். "விசா வந்துவிட்டது, பணம் கட்டியதும் எல்லாக் காகிதமும் சேர்த்துத் தருகிறேன்" என்றார். நான் 70,000 ரொக்கமாகக் கொடுத்தேன். மகள் 60,000 ரூபாயை அவர் சொன்ன கணக்குக்கு அனுப்பினாள். அது அவருடைய மைத்துனரின் சொந்தக் கணக்கு என்பது பின்னால் தெரிந்தது.

அதற்கு முந்தைய நாள், மார்ச் 13 அன்றே, சிங்கப்பூர் தன் துறைமுகத்தில் எல்லாச் சுற்றுலாக் கப்பல்களும் வந்துபோவதை உடனடியாக நிறுத்திவிட்டது. எங்கள் கப்பல் கிளம்பாது என்பது உறுதியான பிறகுதான் அவர் எங்களிடம் மீதிப் பணம் கேட்டிருக்கிறார். அந்த அறிவிப்பு எங்கள் கண்ணில் படவில்லை. இங்கே பேப்பரில் வந்ததெல்லாம் இந்தியா விசாக்களை நிறுத்திய செய்தி, பள்ளிகள் மூடப்படும் செய்தி. தர்மபுரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு சிங்கப்பூர்த் துறைமுகத்தின் நிலை தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த மாதம் எல்லோருக்கும் தினம் ஒரு குழப்பம். அந்தக் குழப்பத்தை அவர் தன் கல்லாவுக்குப் பயன்படுத்திக்கொண்டார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

மார்ச் 18 அன்று, "தள்ளிப் போட்டிருக்கிறார்கள் அண்ணா, அரசு உத்தரவு, நான் என்ன செய்யமுடியும்?" என்றார். 22-ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவுக்கு வருவது நின்றது, 25-இலிருந்து ஊரடங்கு. நல்லவேளை, போகவில்லை. போயிருந்தால் அம்மாவோடு அங்கேயே மாட்டியிருப்போம். கட்டிய பணத்துக்கு ஈடாக இரண்டு ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயணம் செய்யலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தார். ஊரடங்குக்குப் பிறகு கடையின் பெயர்ப் பலகையே இல்லை.

ஜூனில் மகள் கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதினாள். எங்கள் நான்கு பேர் பெயரிலும் ஓர் அறை பிடித்துவைக்கப்பட்டிருந்ததாகவும், முன்பணம் வராததால் பிப்ரவரி கடைசியிலேயே அது விடுவிக்கப்பட்டதாகவும் பதில் வந்தது. அதாவது என் மனைவி பெட்டி அடுக்கியபோது எங்களுக்கு அறையே இல்லை. காப்பீடு என்று கொடுத்த தாளில் பாலிசி எண் இல்லை. விமான டிக்கெட் மட்டும் உண்மையானது. அந்தப் பணத்தை விமான நிறுவனம் அவருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. முகவர் வழியாக எடுத்த டிக்கெட்டின் பணம் முகவருக்கு வந்தால் அவர் அதை உடனே பயணியிடம் சேர்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று சொன்னது. மகள் அந்தத் தீர்ப்பை அச்செடுத்துத் தந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நான்கு முறை நின்ற பிறகு, டிசம்பரில் 58,000 வந்தது.

மீதி 1,78,000-க்கு தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தன் தவறு எதுவுமில்லை, துறைமுகம் மூடியதுதான் காரணம் என்று காட்ட அவர் ஒரு காகிதக் கட்டைத் தாக்கல் செய்தார். அதில் கப்பல் நிறுவனம் எல்லா முகவர்களுக்கும் அனுப்பிய ரத்து மின்னஞ்சல் இருந்தது. தேதி மார்ச் 13. என் ரசீதின் தேதி மார்ச் 14. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அதற்கு மேல் நான் பெரிதாக வாதாடவில்லை. 2023-இல் வட்டியோடு திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இதுவரை கைக்கு வந்தது 70,000.

இப்போது பணம் கட்டப் போகிறவர்களுக்கு: முகவர் தரும் முன்பதிவு எண்ணை வாங்கி, கப்பல் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள தொலைபேசிக்கு நீங்களே பேசுங்கள். உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கு முன்பும், அதே நாளில் கேளுங்கள். ஒரு முறை கேட்டது போதாது, எங்கள் அறை ஜனவரியில் இருந்தது, மார்ச்சில் இல்லை. "இன்று மாலைக்குள்" என்று சொன்னால் அன்று கட்டவே கட்டாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கைத் தவிர வேறு எதற்கும் பணம் அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியில் ஆட்சேபம் எழுப்ப வழியுண்டு. ரொக்கத்துக்கு அந்த வழி இல்லை. காப்பீட்டை முகவரிடம் வாங்காமல் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்குங்கள். ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்ட நோய்ப்பரவலையோ சண்டையையோ காரணம் காட்டி நாமே பயணத்தைக் கைவிட்டால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. எனவே நிலைமை மோசமாகும் முன்பே வாங்கவேண்டும். 2025 மே மாதம் வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் திடீரென்று சில நாள் மூடப்பட்டதைப் பார்த்தோம். அப்படி ஒரு நாள் எப்போதும் வரலாம்.

வெளிநாட்டுத் தொகுப்பு என்றால் இன்னொரு சோதனை உண்டு. நான் ஏமாந்தபோது அது இல்லை. 2020 அக்டோபர் முதல், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் நம்மிடம் ஒரு வரித்தொகையைப் பிடித்து நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்டவேண்டும். காலாண்டுக் கணக்கு தாக்கலானதும் அது, நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் படிவத்தில் தெரியும். பான் எண்ணே கேட்காமல் சிங்கப்பூர், துபாய் தொகுப்பு விற்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த உறவுக்காரப் பையனை நேற்று கப்பல் நிறுவனத்துக்குப் பேச வைத்தேன். அவன் பெயரில் முன்பதிவு எதுவும் இல்லை. அவன் கட்டியது 15,000, அடுத்த தவணை 48,000 கேட்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டான், திங்கட்கிழமை நானும் அவனோடு கடைக்குப் போகிறேன். அதே ஆளிடம் கட்டிவிட்டோமோ என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். நான் போட்ட மனுவின் நகலும் தீர்ப்பின் நகலும் இருக்கின்றன, தருகிறேன்.