பெரம்பூரில் ஒரு நாய் கிளினிக்: எதற்கு அங்கே போகலாம், எதற்கு நேராக வேப்பேரிக்குப் போக வேண்டும்

வடசென்னையில் பெரம்பூருக்கும் அகரத்துக்கும் இடையில், ஒரு குறுக்குத் தெருவின் தரைத்தளத்தில் இயங்கும் சிறிய நாய் கிளினிக்கைப் பற்றிய மதிப்பீடு இது. எங்கள் வீட்டு நாட்டு நாய் மணியைக் குட்டியாக இருந்தபோதிலிருந்து அங்கேதான் காட்டி வருகிறோம். குறைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் கிளினிக்கின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

ஊசி போடுவதும் மருந்து எழுதித் தருவதும் எல்லா இடத்திலும் நடக்கின்றன. இந்த கிளினிக்கை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. "உடனே கூட்டிட்டு வாங்க", "நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம்", "இங்கே வர வேண்டாம், நேரா வேப்பேரிக்குப் போங்க" (அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு) என்ற மூன்று பதில்களையும் அவர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். தொலைபேசியில் அழைத்தவுடன் உதவியாளர் பெண் கேட்பது நாயின் இனத்தையோ வயதையோ அல்ல. தண்ணீர் குடிக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்பவற்றைத்தான் முதலில் கேட்கிறார்.

ஈற்றைப் பார்க்கும் முறையை டாக்டர் அம்மா ஒவ்வொரு உரிமையாளருக்கும் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறார். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே இருக்கும் ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். அதற்கு மேல் நேரமெடுத்தாலோ, ஈறே வெளுத்துக் கிடந்தாலோ, மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று நம் பக்கம் பலரும் நம்புகிறார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்து "சுடுது" என்று சொல்வதும் உதவாது. வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி என்று அவர் செய்து காட்டுகிறார்.

இங்கே அதிகம் வருவது உண்ணிக் காய்ச்சல். சென்னையின் வெயிலும் ஈரப்பதமும் பழுப்பு நாய் உண்ணிக்குத் தோதானவை. எர்லிகியா, பபீசியா போன்ற கிருமிகள் உண்ணி கடிப்பதன் வழியாக இரத்தத்துக்குள் போகின்றன. சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்திருப்பது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூக்கிலிருந்து இரத்தம் வடிவது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த கிளினிக்கில் பார்வை அவசரமாக முடிவதில்லை. விரல்களுக்கு நடுவிலும் காது மடலுக்குள்ளும் கழுத்துப் பட்டைக்குக் கீழேயும் தேடி, எடுத்த உண்ணிகளை ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் போடுகிறார்கள். பிறகு காதின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, மூலையில் இருக்கும் நுண்ணோக்கியில் டாக்டரே பார்க்கிறார். மணிக்கு எர்லிகியா வந்தபோது டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாட்களுக்கு எழுதித் தந்தார்கள். நாலு நாளில் நாய் துள்ளத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது என்பதைச் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை அறிய இரத்தம் வெளி ஆய்வகத்துக்குத்தான் போகிறது. முடிவு வர மாலையாகிவிடுகிறது என்பது ஒரு குறை.

மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகளில் தண்ணீர் தேங்கினால் இந்த கிளினிக்கின் எச்சரிக்கை லெப்டோஸ்பைரோசிஸ் பக்கம் திரும்புகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நாய் நடந்தாலோ அதைக் குடித்தாலோ கிருமி உள்ளே போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவது, வாந்தி, சிறுநீர் குறைவது என்று தொடங்கும். இது மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், நாயின் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போட வேண்டும் என்பதை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய லெப்டோ தடுப்பூசியை மழை தொடங்குவதற்கு முன்பே நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்புவது நல்ல பழக்கம்.

வாந்தி விஷயத்தில் அவர்கள் காட்டும் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. வளர்ந்த நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீரும் குடிக்கிறது என்றால் சில மணி நேரம் உணவைத் தள்ளிப்போட்டுக் கவனிக்கச் சொல்கிறார்கள். தேவையில்லாமல் குளுக்கோஸ் ஏற்றிக் கட்டணம் வாங்குவதில்லை. அதே வாந்தி தடுப்பூசி முடியாத குட்டிக்கு வந்தால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க விடுவதில்லை. கெட்ட நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். உடலில் நீர் வற்றிக் குட்டி ஓரிரு நாளில் இறந்துபோகும் அபாயம் உண்டு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள் என்ற அட்டவணையை அவர்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் என்னுடைய பெரிய மனக்குறையும் இருக்கிறது. காத்திருக்கும் அறை ஒன்றே ஒன்று, பெஞ்சும் ஒன்றே ஒன்று. முதல் ஊசிக்கு வந்த குட்டியும், கழிச்சலோடு துண்டில் சுருட்டிக் கொண்டுவரப்பட்ட குட்டியும் அருகருகே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்வோ கிருமி தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. சாதாரண சோப்புக்கு அது சாவதில்லை, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். சந்தேகமுள்ள குட்டிகளை இப்போது வெளியே ஆட்டோவிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்றாலும், கூட்ட நேரத்தில் அது நடப்பதில்லை. தனி அறைக்கு இடமில்லையென்றால், தடுப்பூசிக்கென்று தனி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதுவரை குட்டியைத் தரையில் இறக்காமல் மடியிலேயே வைத்திருங்கள்.

எக்ஸ்ரேயும் பெரிய அறுவைசிகிச்சையும் இங்கே இல்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதால்தான் இவர்களை நம்ப முடிகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவருடைய ராஜபாளையம் நாய் மதியம் சாப்பிட்ட பிறகு வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தது. தொலைபேசியில் இதைக் கேட்டதுமே, "இங்கே கொண்டுவந்தால் அரை மணி நேரம்தான் வீணாகும், இப்படியே வேப்பேரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆழமான மார்புடைய பெரிய இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் அவகாசம். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில், நமக்கு இவ்வளவு அருகில் இருப்பது வடசென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரும் வசதி. கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்தாலோ, ஆண் நாய் முக்கியும் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, வலிப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ இதே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

சுவரில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் ஒரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளான இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழே சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவற்றின் பெயர்கள். நம் நாயைத் தெருநாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வர வேண்டும், முன்பே ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் வர வேண்டும் என்பது கடைசி வரி.

கட்டணம் நியாயமானது, ஆனால் பலகையில் எழுதி வைக்கவில்லை. கேட்டால் மட்டும் முன்கூட்டியே சொல்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை, ஞாயிறு மதியத்தோடு மூடிவிடுகிறார்கள். காது நாற்றம், அரிப்பு, தடுப்பூசி போன்றவற்றுக்கு வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். இரவில் எங்கே போவது என்பதை நாய் நலமாக இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.