பொதுக் குழுவில் இறைநம்பிக்கையை வெளிக்காட்டுதல்: மூன்று நடைமுறைகள், ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று தெருக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, உறவினர் குழு, சங்கக் குழு எனப் பல வாட்ஸ்அப் குழுக்களில் இடம்பெற்றிருக்கின்றன. தைப்பூசக் காவடிப் படம், புனித வெள்ளி ஆராதனைக்கான அழைப்பு, ரமலான் வாழ்த்து, புரட்டாசிச் சனிக்கிழமைப் பூசை அறிவிப்பு ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் பதியலாமா, கூடாதா என்ற கேள்வி அக்குழுக்களில் ஆண்டுதோறும் எழுகிறது. இதற்கு நடைமுறையில் மூன்று விடைகள் இருக்கின்றன. யாரையும் தடுக்காமல் விட்டுவிடுவது ஒன்று. சமயம் பற்றிய எதையும் அனுமதிக்காமல் இருப்பது மற்றொன்று. பக்திக்கெனத் தனிக் குழு அமைத்து, பொதுக் குழுவில் அதைத் தவிர்ப்பது மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் யாருக்கு உதவுகிறது, யார் தலையில் சுமையை ஏற்றுகிறது என்பதையே நான் ஒப்பிட விரும்புகிறேன்.

ஒருவர் தம் சொந்தப் பக்கத்தில் குலதெய்வத்தின் படத்தை முகப்பாக வைப்பதும், ஸ்டேட்டஸில் வேத வசனம் இடுவதும் இந்த விவாதத்துக்குள் வருவதில்லை. பார்க்க விரும்பாதவர் கடந்து போய்விடலாம். பதிபவருக்குச் சொல்ல வேண்டியது ஓர் எச்சரிக்கை மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. அதன் 26ஆம் பிரிவு சமய நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாகக் கருதி, பிறர் அதைத் திரட்டிக் கையாள்வதைப் பொதுவாகத் தடுக்கிறது; ஆனால் ஒருவர் தாமே மனமறிந்து பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று 27ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனமே 2022 டிசம்பர் 1 அன்று சமயக் கருத்துக்கான இடத்தைப் பயனர் விவரப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டது. வேலை தேடும் இளைஞர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது என்பதைத் தவிர, சொந்தப் பக்கத்தைப் பற்றி வேறு விதி எதுவும் தேவையில்லை. பலர் கூடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வழியான தடையற்ற வெளிக்காட்டலுக்கு நம் வரலாற்றிலேயே வலுவான ஆதாரம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்த நாள் முதலாகவே, இங்கு வந்த தமிழர்களின் வழிபாடு வீட்டுக்குள் ஒளிந்திருந்ததில்லை. கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் எழுந்த கோவில்களும், தெருவில் போன தேரும், ஊரறிய நடந்த தீமிதியும் அவர்களை ஒரு சமூகமாகச் சேர்த்து வைத்தன. மொழி பல வீடுகளில் நழுவிப் போன பிறகும் ஆடிக் கூழ் நழுவவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு நழுவவில்லை. அந்த மரபின் தொடர்ச்சியாகவே, விடியற்காலையில் பிள்ளையார் படத்தோடு வணக்கம் சொல்லும் ஆயாவையும், மகன் காவடி எடுத்த படத்தைப் பெருமையோடு பகிரும் தாயையும் நான் பார்க்கிறேன். 2020 மார்ச் 27 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கி, ஏப்ரல் 10 அன்று வந்த புனித வெள்ளியில் (இங்கே பல மாரியம்மன் கோவில்களின் தீமிதியும் அன்றுதான்) கோவிலும் தேவாலயமும் ஒருசேர மூடிக் கிடந்தபோது, வழிபாட்டுக்கு மக்கள் ஒன்றுகூடக் கூடிய இடமாகக் கைப்பேசித் திரை ஒன்றே மிஞ்சியது. அந்த நாட்களை அனுபவித்தவர்கள், குழுவில் வரும் ஒரு தீபாராதனைப் படத்தை வெறும் இடைஞ்சல் என்று எளிதில் சொல்லமாட்டார்கள்.

ஆயினும் இவ்வழியின் குறைகள் சிறியவை அல்ல. 2022 ஏப்ரல் மாதத்தில், டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நேட்டால் மாநிலத்தில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்தது. அப்பகுதி மக்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் பல மாதங்கள் தவித்தனர். அத்தகைய காலத்தில் தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்ற செய்தி, நாற்பது பக்திப் படங்களுக்கும் அவற்றுக்கு வந்த கைகூப்பிய சின்னங்களுக்கும் அடியில் புதைந்து போனால், அதனால் குடம் நிரம்பாமல் நிற்பவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். இதைவிடக் கடுமையான குறை, பதில் கேட்கும் பதிவுகளால் வருவது. பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை உண்டாகும், அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று முடியும் செய்திகளும், நம்புகிறவர்கள் கீழே எழுதுங்கள் என்று கேட்கும் செய்திகளும், பேசாமல் இருப்பவரையும் ஒரு பக்கம் சாரச் சொல்லி நெருக்குகின்றன. ஒரே குடும்பத்தில் அண்ணன் மாரியம்மனுக்குப் பூச்சட்டி எடுக்க, தம்பி பெந்தெகொஸ்தே சபையில் ஊழியம் செய்யும் நிலை இங்கே பரவலாக உள்ளது. அந்த உறவினர் குழுவில் விக்கிரக வழிபாட்டைக் கண்டிக்கும் காணொளி ஒன்று வந்து விழுந்தால், அதன் காயம் அடுத்த கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் தொடர்கிறது. அனுப்பியவர் தம் நம்பிக்கையைத்தான் வெளிக்காட்டினேன் என்பார். ஆனால் அவர் காட்டியது தம் நம்பிக்கையை அல்ல, அடுத்தவர் நம்பிக்கையின் மீதான தம் தீர்ப்பை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததே தடையற்ற வழியின் அடிப்படைப் பிழை என்பது என் எண்ணம்.

இப்படிப்பட்ட சண்டை ஒன்று முடிந்த மறுநாள், அட்மின் பெரும்பாலும் இரண்டாம் வழிக்குத் தாவுகிறார்: இனிமேல் இங்கு அரசியலும் சமயமும் வேண்டாம். பார்ப்பதற்கு இது மூன்றிலும் நியாயமானதாகத் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே விதி, யாருக்கும் சலுகை இல்லை. நான் இதனோடு மாறுபடுகிறேன். காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர்; இந்துக்கள் 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகின்றனர். இத்தகைய நாட்டில் கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று ஒருவர் இரங்கல் செய்தியை முடித்தால், அது சமயப் பதிவாக எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஈஸ்டர் வாழ்த்தும் கிறிஸ்துமஸ் மரமும் பொது வழக்கமாகவே கடந்து செல்கின்றன. நாக்கில் அலகு குத்திய காவடிப் படமோ, கூழ் வார்ப்பதற்கான அழைப்போ வந்தால்தான் விதி நினைவுக்கு வருகிறது. எழுத்தில் சமமாக இருக்கும் தடை, நடைமுறையில் பழக்கப்படாத சமயத்தையே முதலில் பிடிக்கிறது. எந்த அட்மினும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. பெரும்பான்மையின் வழக்கம் பெரும்பான்மையினரின் கண்ணுக்குச் சமயமாகத் தெரிவதில்லை என்பதால் தானாகவே அப்படி நேர்கிறது.

இந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2007இல் ஒரு தமிழ் மாணவியின் வழக்கில் இதையே எடுத்துரைத்தது. டர்பனில் உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் படித்த அம்மாணவி மூக்குத்தி அணிந்தது, நகை பற்றிய பள்ளி விதிக்கு முரணானது என்று கூறப்பட்டது. தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்தின் மரபு அது என்று தாயார் வாதாடினார். தலைமை நீதிபதி பையஸ் லங்கா எழுதிய தீர்ப்பு, காதில் சிறு கம்மலை அனுமதித்து மூக்குத்தியைத் தடுக்கும் விதி நடுநிலையானது அல்ல என்றும், அது நெடுங்காலமாகச் சலுகை பெற்ற பெரும்போக்கு வழக்கத்தைச் சிறுபான்மை வழக்கத்தின் இழப்பில் நிலைநிறுத்துகிறது என்றும் கண்டது. அதற்கும் மேலாக, ஒரு சமயம் கட்டாயமாக்கிய கடமைக்கு மட்டுமே பாதுகாப்பு என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை; ஒருவர் தாமாக விரும்பிக் கைக்கொள்ளும் வழக்கத்துக்கும் அது பாதுகாப்பளித்தது. மூக்குத்தி பற்றிய அந்தத் தீர்ப்பு வாட்ஸ்அப் குழுவைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே தடை என்ற சொல்லுக்குள் யாருடைய வழக்கம் அளவுகோலாக அமர்ந்திருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த தீர்ப்பு அது. ஒரு தமிழ்க் குடும்பம் நாட்டுக்கே பெற்றுத் தந்த அந்தப் பாடத்தை, நம் தெருக் குழுவிலேயே நாம் கைவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

மூன்றாம் வழியான தனிக் குழுவின் பயன்கள் தெளிவானவை. அங்கே கூடுபவர் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் என்பதால் அபிஷேகப் படத்துக்கும் நேரலைக்கும் வரம்பு தேவையில்லை. விரத நாள், நேர்த்திக்கடன், அன்னதானப் பொறுப்பு போன்றவற்றை விரிவாகப் பேசலாம். பிறரது முகச்சுளிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. கோவில் குழுக்களும் சபைக் குழுக்களும் ஏற்கெனவே இப்படித்தான் நன்கு இயங்குகின்றன. அவை இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

தனிக் குழு இருக்கிறது என்பதற்காகப் பொதுக் குழுவை முற்றிலும் வெறுமையாக்கிவிடலாமா என்பதே கேள்வி. 2021 ஜூலையில் குவாசுலு-நேட்டாலிலும் ஜோகன்னஸ்பர்க் அமைந்துள்ள கௌடெங் மாநிலத்திலும் கலவரம் மூண்டு 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, பீனிக்ஸ் முதலிய இடங்களில் தெருக் குழுக்கள் வழியாகவே மக்கள் காவலையும் உணவையும் ஒழுங்கு செய்தார்கள். அச்சத்தை வளர்த்த உறுதிப்படுத்தப்படாத செய்திகளும் அதே குழுக்கள் வழியாகத்தான் பரவின. இந்துக்கள் ஒரு குழுவிலும், கிறிஸ்தவர்கள் இன்னொன்றிலும், முஸ்லிம்கள் மற்றொன்றிலும், சூலு இனத்து அண்டை வீட்டார் வேறொன்றிலும் என்று பிரிந்து, பொதுக் குழுவில் திருட்டுச் செய்தியும் மின்வெட்டு நேரமும் மட்டும் மிஞ்சினால், நாம் ஒருவரையொருவர் அச்சத்தின் வழியாக மட்டுமே அறிவோம். எதிர் வீட்டில் ஏன் இந்த மாதம் இறைச்சி சமைப்பதில்லை, பக்கத்து வீட்டார் ஏன் விடியுமுன் எழுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். கலப்பு மணம் செய்த குடும்பங்களுக்கும், எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களுக்கும் தனிக் குழுக்களில் இடமே கிடைப்பதில்லை என்பதையும் இதனோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு இரண்டாம் வழியை முற்றிலும் விலக்குகிறது. மூன்றாம் வழியை முதல் வழிக்கு மாற்றாக அல்லாமல் துணையாக ஏற்கிறது. பொதுக் குழு திறந்தே இருக்க வேண்டும். அதன் வரம்பை 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 15ஆம் பிரிவிலிருந்தே கடன் வாங்கலாம். அரசு நிறுவனங்களில் சமய வழிபாடு நடத்தலாம் என்று அனுமதிக்கும் அப்பிரிவு, அது அனைவருக்கும் நியாயமான முறையில் அமைய வேண்டும் என்றும், அதில் பங்கேற்பது ஒருவரது சுதந்திர விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த இரண்டு நிபந்தனைகளும் நம் குழுக்களுக்குப் போதுமானவை. நியாயம் என்பதற்கு நடைமுறைப் பொருள், தீபாவளி வாழ்த்துக்கு இருக்கும் இடம் பெருநாள் வாழ்த்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் உண்டு என்பதும், புனித வெள்ளியன்று தீமிதிக்கும் ஆராதனைக்கும் வரும் அழைப்புகள் இரண்டும் ஒரே மதிப்போடு நிற்கும் என்பதும். விருப்பம் என்பதற்குப் பொருள், பதில் கேட்கும் பதிவும் பயமுறுத்தும் ஃபார்வர்டும் அங்கே இடம்பெறாது என்பது. நான் இதை நம்புகிறேன், இன்று என் வீட்டில் இது நடக்கிறது, விரும்பினால் வாருங்கள் என்று தன்னிலையில் ஒருவர் எழுதுவது எதுவாயினும் வரவேற்கத்தக்கது. நீங்கள் நம்புவது தவறு என்று முன்னிலையில் எழுதுவது எதுவாயினும் நீக்கத்தக்கது. அன்றாடம் வரும் படங்களையும் நேரலைகளையும் தனிக் குழுவுக்கு அனுப்பிவிடலாம். வெள்ளம், தீ, மருத்துவ அவசரம் போன்ற நாட்களில் வாழ்த்துகளையும் நிறுத்திவைக்கலாம். நீக்கும் முன் அட்மின் அனுப்பியவரைத் தனியே அழைத்து, அக்கா, இதை நம் கோவில் குழுவில் போடுங்களேன் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான மனத்தாங்கல் அங்கேயே அடங்கிவிடுகிறது; எல்லோர் முன்னிலையிலும் கண்டிப்பது மூத்தவர்களை நிரந்தரமாக வாயடைத்துவிடுகிறது.

இந்த வரம்புக்குள்ளும் எளிதில் அடங்காதவை சில உண்டு. அருள் வந்த நிலையில், தன்னை மறந்து ஆடும் ஒருவரின் படத்தை மற்றவர் எடுத்துப் பகிர்வது அவற்றுள் முக்கியமானது. அங்கே வெளிக்காட்டப்படுவது பகிர்பவரின் நம்பிக்கை அல்ல, இன்னொருவரின் உடலும் நேர்த்திக்கடனும். அலகு குத்திய பிள்ளைகளின் படங்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். விழா முடிந்து, அவரிடமோ பெற்றோரிடமோ கேட்டுக்கொண்ட பின்னரே அத்தகைய படம் எந்தக் குழுவிலும் வரலாம் என்பது என் கருத்து. மாரியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் கோழியோ ஆடோ பலியிடும் வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. அந்தப் பூசைக்கு அண்டை வீட்டாரைப் பொதுக் குழுவில் அழைப்பதில் தவறில்லை, அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் வெட்டும் காட்சியைக் குழந்தைகளும் பிற சமயத்தவரும் எதிர்பாராமல் திறந்து பார்க்கும் இடத்தில் இடுவது, பங்கேற்பு விருப்பத்தைப் பொறுத்தது என்ற நிபந்தனையை மீறுகிறது. அந்தக் காட்சி தனிக் குழுவில்கூட முன்னறிவிப்போடு மட்டுமே வரலாம்.