எலாஸ்டோகிராபி எடுத்தா ஊசி டெஸ்ட் வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க

அம்மாவுக்கு கழுத்துல வலது பக்கம் தைராய்டு சுரப்பியில ஒரு கட்டி, எச்சில் முழுங்குறப்போ கூடவே ஏறி இறங்கும். தை மாசம் மதுரையில ஒரு ஸ்கேன் சென்டருக்கு கூட்டிட்டுப் போனேன். சாதா ஸ்கேன் 1200, கட்டி எவ்வளவு கெட்டின்னு கலர்ல காட்டுற எலாஸ்டோகிராபி சேர்த்தா 3500, இத எடுத்துட்டா கழுத்துல ஊசி குத்துற டெஸ்ட்டே தேவைப்படாது, கட்டி கல்லு மாதிரி இருந்தாத்தான் கேன்சர், மெத்துன்னு இருந்தா பயமே இல்லம்மான்னு கவுன்ட்டர்லயே சொன்னாங்க. அம்மாவுக்கு ஊசின்னாலே நடுக்கம், சரின்னு பணத்த கட்டிட்டேன்.

உள்ள ப்ரோப, அதாவது கழுத்து மேல வைக்கிற ஸ்கேன் கருவிய வச்சு அம்மாவுக்கு இருமல் வர்ற அளவுக்கு அழுத்துனாங்க. அப்படி அழுத்துனா படமே மாறிடும், பட்டும் படாம வைக்கணும்ங்கிறது பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. கட்டி பூரா பச்சையா ஒரு கலர் படம், கீழ "மென்மையான கட்டி, ஊசி பரிசோதனை தேவையில்லை"ன்னு ஒரு வரி. அதே ரிப்போர்ட்ல மேல பாத்தா திடமான கட்டி, 2.1 செ.மீ., டைராட்ஸ் 4ன்னு இருக்கு, அதாவது ஸ்கேன்ல கேன்சர் சந்தேகம் எவ்வளவுன்னு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடுற வகையில நாலு. அந்த வகையில 1.5 செ.மீ. இருந்தாலே ஊசி டெஸ்ட் பண்ணணும்னு அமெரிக்க ரேடியாலஜி காலேஜ் 2017லயே சொல்லிருக்கு, அந்தக் கணக்குல எலாஸ்டோகிராபிக்கு ஒரு பாயின்ட் கூட கிடையாது. எனக்கு அப்போ இதெல்லாம் எங்க தெரியும்.

ஏழு மாசம் சும்மா இருந்துட்டோம். ஆவணியில கட்டி பெருசான மாதிரி தெரிஞ்சு பெரியாஸ்பத்திரிக்குப் போனா, ரிப்போர்ட்ட பாத்த டாக்டர் அன்னைக்கே ஊசி போட்டு எடுத்தாங்க. ரத்தம் எடுக்குற ஊசிய விட மெல்லிசு, பத்து நிமிஷம் கூட ஆகல, அம்மா "இதுக்காடா பயந்தேன்"னு என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊசி டெஸ்ட் ரிசல்ட் பெதஸ்டா 4ன்னு வந்துச்சு, அதாவது ஆறு வகையில நாலாவது, ஃபாலிகுலர் கட்டியா இருக்கலாம்ங்கிற சந்தேகம், வலது பாதிய ஆபரேஷன் பண்ணி எடுத்து பயாப்ஸி பாத்தா ஃபாலிகுலர்ங்கிற வகை தைராய்டு கேன்சர்.

டாக்டர் பொறுமையா சொன்னாங்க. தைராய்டுல அதிகமா வர்ற பாப்பிலரி கேன்சர் பெரும்பாலும் கெட்டியா இருக்கும், அத இந்த ஸ்கேன் காட்டிக் கொடுக்கும், ஃபாலிகுலர் வகை மெத்துன்னே இருக்கலாம், அப்போ ஏமாத்திடும். சுண்ணாம்பு படிஞ்ச சாதா கட்டி கூட கல்லு மாதிரி தெரியும், ஹாஷிமோட்டோங்கிற தைராய்டு அழற்சி இருந்தா சுரப்பியே இறுகிப் போயிருக்கும். கலரும் மெஷினுக்கு மெஷின் மாறும், ஒண்ணுல நீலம் கெட்டி, இன்னொண்ணுல சிவப்பு கெட்டி. மத்த ஸ்கேனோட சேத்துப் பாக்க நல்ல விஷயம்தான், ஆனா ஊசி டெஸ்ட்டுக்குப் பதில் இது ஆகாது.

சென்டர்ல போய் கேட்டதுக்கு, கூடுதலா வாங்குன 2300 ரூபாய திருப்பித் தர்றோம்னாங்க. பணம் வேண்டாம், அந்த ஒரு வரிய இனிமே யாருக்கும் எழுதாதீங்கன்னு கைப்பட எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். நேத்து சித்தப்பா பொண்ணு அதே சென்டர்ல எடுத்த ரிப்போர்ட்ட போன்ல அனுப்பியிருக்கா, கீழ அதே வரி.